புளியங்கொட்டையும் ஆழாக்கும்: குவியல் ஆட்டத்தில் தோற்காமல் ஆடுவது எப்படி

ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு நோட்டு, ஒரு பென்சில். இவ்வளவும் இருந்தால் தொடங்கிவிடலாம். புளியங்கொட்டை கிடைக்காத வீட்டில் சோழி, கொண்டைக்கடலை, பழைய சட்டைப் பொத்தான் எதுவானாலும் சரி. கையால் எடுக்கிற பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். போனில் ஆடினால் விரல் வேகமாக ஓடிவிடுகிறது. கொட்டையை எடுத்து ஓரமாக வைக்கிற அந்த இரண்டு நொடியில்தான் யோசனை வரும்.

ஆட்டம் இதுதான். நடுவில் 21 கொட்டை. இரண்டு பேர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம், எடுக்காமல் விடக்கூடாது. கடைசிக் கொட்டை யார் கைக்குப் போகிறதோ அவருக்கு வெற்றி.

இதை எனக்குக் காட்டியவர் என் தாய்மாமா. எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறையில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து கொட்டையைப் பரப்புவார். “சின்னப் பிள்ளை, நீ முதல்ல எடு” என்பார். எடுப்பேன், தோற்பேன். “சரி, இந்தத் தடவை நான் முதல்ல எடுக்கறேன்” என்பார். அப்போதும் நான்தான் தோற்பேன். ஒரு வாரம் இப்படியே போனது. எப்படி மாமா என்று கேட்டால் சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார். சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். சொல்லியிருந்தால் அதை ஒரு சூத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளி திறப்பதற்குள் மறந்திருப்பேன்.

வழி கிடைத்தது தம்பியால். கொட்டையில் பெரும்பகுதியை அவன் வறுத்துத் தின்றுவிட்டான். மிஞ்சியது ஏழு. வேறு வழியில்லாமல் அந்த ஏழு கொட்டையை வைத்து அவனோடு ஆடினேன். ஏழில் ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும், அதனால் ஒரு மதியத்தில் நாற்பது, ஐம்பது ஆட்டம் போட்டிருப்போம். நான்கு கொட்டை கிடக்கும்போது யாருடைய முறை வருகிறதோ, அவர் என்ன செய்தாலும் தப்ப முடியவில்லை என்பது அன்று சாயங்காலத்துக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று எடுத்தால் மூன்று மிஞ்சும், இரண்டு எடுத்தால் இரண்டு, மூன்று எடுத்தால் ஒன்று. மிஞ்சியது எதுவானாலும் எதிராளி ஒரே எடுப்பில் வாரிக்கொள்வார்.

21 கொட்டையில் ஒரு வாரமாகத் தெரியாதது 7 கொட்டையில் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தப் புதிர் கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது அதைச் சின்னதாக்குவதுதான்.

கடைசியிலிருந்து எழுதுவது

நோட்டை எடுங்கள். ஒரு வரியில் 0 முதல் 21 வரை எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணுக்குக் கீழும் இரண்டில் ஒன்று எழுதப் போகிறோம்: “பொறி” அல்லது “தப்பலாம்”. இத்தனை கொட்டை கிடக்கும்போது என் முறை வந்தால் நான் மாட்டிக்கொண்டேன் என்றால் அது பொறி. தப்ப ஏதாவது ஒரு வழி இருந்தாலும் அது “தப்பலாம்”.

0 கொட்டையோடு என் முறை வந்தால் கடைசிக் கொட்டையை எதிராளி எடுத்துவிட்டார் என்று பொருள். ஆகவே 0 ஒரு பொறி. இனி ஒவ்வோர் எண்ணிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கிருந்து ஓர் எடுப்பில், ஏற்கெனவே எழுதிய ஏதாவது ஒரு பொறியில் எதிராளியைத் தள்ள முடியுமா? முடிந்தால் “தப்பலாம்”. எந்த எடுப்பும் பொறிக்குப் போகவில்லை என்றால் இதுவே புதிய பொறி.

1, 2, 3 மூன்றிலிருந்தும் 0க்குப் போகலாம். ஆக அவை மூன்றும் தப்பலாம். 4இலிருந்து 3, 2, 1க்குத்தான் போக முடியும், ஒன்றும் பொறியில்லை. ஆக 4 பொறி. 5, 6, 7இலிருந்து 4க்குத் தள்ளலாம். 8 பொறி. இப்படியே 12, 16, 20. இதில் ஓர் எண்ணைக்கூடத் தாண்டாதீர்கள். “புரிந்துவிட்டது, மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம்” என்று தோன்றும். அப்படித் தோன்றிய பிறகும் இரண்டு மூன்று எண் எழுதிப் பாருங்கள்.

21இல் முதலில் எடுக்கிறவர் ஒன்றை மட்டும் எடுத்து 20ஐ விட்டால் ஆட்டம் அவருடையது. எதிராளி 1 எடுத்தால் நீங்கள் 3, அவர் 2 எடுத்தால் நீங்களும் 2, அவர் 3 என்றால் நீங்கள் 1. இருவரும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு நான்கு. மாமா என்னை முதலில் எடுக்கச் சொன்னதும் இப்போது புரிந்தது. என் எடுப்பு அவருக்குக் கெடுதலே இல்லை. நான் ஒன்று எடுத்தால்தான் அவருக்குச் சங்கடம். எடுத்தாலும் அடுத்த முறையில் தவறிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். “அதிகபட்சம் எடுக்கக்கூடியதோடு ஒன்றைக் கூட்டு, அதன் மடங்குதான் பொறி” என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் விதியைக் கொஞ்சம் மாற்றினாலே கைவிட்டுவிடும். இப்போது 1, 3 அல்லது 4 மட்டும் எடுக்கலாம், 2 எடுக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனப்பாடத்தின்படி 5, 10, 15 பொறியாக வேண்டும். வரியை எழுதிப் பாருங்கள். 1 தப்பலாம். 2இலிருந்து ஒன்றுதான் எடுக்க முடியும், அது 1க்குப் போகும், அது பொறியில்லை; ஆக 2 பொறி. 3, 4 நேராக 0க்குப் போகும். 5இலிருந்து 3 எடுத்து 2க்கு, 6இலிருந்து 4 எடுத்து 2க்கு. 7இலிருந்து 6, 4, 3. மூன்றும் தப்பக்கூடிய இடங்கள். 7 பொறி. அப்புறம் 9, 14, 16. ஏழால் வகுத்து மீதி 0 அல்லது 2 வந்தால் பொறி. இப்படி ஒரு வரிசையை யாராலும் ஊகத்தில் சொல்ல முடியாது. நோட்டு சொல்லும்.

விதியைத் தலைகீழாக்கியும் ஆடலாம்: கடைசிக் கொட்டையை எடுக்கிறவர் தோற்றவர். பழையபடி 1, 2, 3 எடுக்கலாம். இப்போது 0 பொறியில்லை, 1தான் முதல் பொறி. 5, 9, 13, 17 என்று போய் 21இல் நிற்கும். அதாவது அதே 21 கொட்டையில் இந்த முறை முதலில் எடுப்பவர் மாட்டிக்கொள்வார்.

இரண்டு குவியல்

சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைப்பதுபோல் கொட்டையை இரண்டு குவியலாக வையுங்கள். பல்லாங்குழிப் பலகை இருந்தால் இரண்டு குழிகளில் போடுங்கள். இனி விதி வேறு: ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், முழுக் குவியலையும்கூட. ஆனால் ஒரு முறைக்கு ஒரு குவியலைத்தான் தொட வேண்டும். கடைசிக் கொட்டைக்குத்தான் வெற்றி.

என் பேத்திக்கு எட்டு வயதில் இதைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவளே கண்டுபிடித்தாள்: இரண்டு குவியலும் சமமாக இருக்கும்படி விட்டுவிட்டால், எதிராளி ஒன்றில் என்ன செய்கிறாரோ அதையே மற்றதில் செய்துகொண்டே போகலாம். அவருக்கு எடுக்க ஒன்று இருந்தால் நமக்கும் ஒன்று இருக்கும். கடைசி நமக்குத்தான். கண்ணாடி பார்ப்பதுபோல் என்றாள்.

இந்தக் கண்ணாடி வேறு இடங்களிலும் உதவும். ஒரு வட்டத் தாம்பாளத்தில் இரண்டு பேர் மாறி மாறி ஒரு ரூபாய் நாணயம் வைக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, வைக்க இடமில்லாதவர் தோற்றார் என்று ஒரு பழைய புதிர் உண்டு. முதல் நாணயத்தை நட்ட நடுவில் வையுங்கள். பிறகு எதிராளி எங்கே வைத்தாலும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். அவருக்கு இடம் கிடைத்தால் உங்களுக்கும் கிடைக்கும். தாம்பாளம் பெரியதா சிறியதா என்ற கேள்வியே எழாது.

மூன்று குவியல்

ஆட்டம் உண்மையில் இங்கேதான் ஆழமாகிறது. மூன்று குவியல் வந்தவுடன் கண்ணாடி உடைந்துவிடுகிறது. 21 கொட்டையின் வரிபோல் ஒரு வரியும் போதாது. ஆனால் பழைய கேள்வி போதும்.

மிகச் சிறியதிலிருந்து தொடங்குங்கள்: 1, 2, 3. எதிராளியின் எடுப்புகள் மொத்தம் ஆறுதான். ஒவ்வொன்றையும் ஆடிப் பாருங்கள். ஒரு குவியலை அவர் முழுதாக எடுத்தால் மிச்சம் இரண்டையும் சமமாக்குங்கள். இரண்டு குவியலை அவரே சமமாக்கிவிட்டால் மூன்றாவதை முழுதாக எடுத்துவிடுங்கள். எப்படி வந்தாலும் கண்ணாடிக்குள் இழுத்துவிடலாம். 1-2-3 ஒரு பொறி.

மற்றப் பொறிகளைக் கண்டுபிடிக்க ஒரு கட்டம் போடலாம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், பெரியவர்களுக்கும்தான். எட்டுக்கு எட்டுக் கட்டம். வரிசைகளுக்கு 0 முதல் 7 வரை, பத்திகளுக்கும் 0 முதல் 7 வரை பெயர். வரிசை முதல் குவியல், பத்தி இரண்டாம் குவியல். கட்டத்தில் எழுதப் போவது, பொறியாவதற்கு மூன்றாம் குவியலில் எத்தனை வேண்டும் என்பது. இடது மேல் மூலையிலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். விதி ஒன்றுதான்: அதே வரிசையில் இடப்பக்கமும் அதே பத்தியில் மேலேயும் இதுவரை வராத மிகச் சிறிய எண்ணை எழுத வேண்டும். 0 உம் எண்தான்.

முதல் நான்கு வரிசை இப்படி வரும்:

0 1 2 3 4 5 6 7
1 0 3 2 5 4 7 6
2 3 0 1 6 7 4 5
3 2 1 0 7 6 5 4

மிச்சம் நான்கையும் நீங்களே நிரப்புங்கள். நான் எழுதிவிட்டால் உங்களுக்கு அந்தச் சுகம் போய்விடும். மூலைவிட்டம் முழுக்க 0 வருவதைப் பாருங்கள்: சமமான இரண்டு குவியலுக்கு மூன்றாவது வேண்டாம், கண்ணாடியே போதும் என்பதைத்தான் அது சொல்கிறது. 3ஆம் வரிசையில் 5ஆம் பத்தியில் 6 இருக்கிறது. அதாவது 3-5-6 ஒரு பொறி. (வரிசைக்கும் பத்திக்கும் 0இலிருந்து எண்ண மறக்க வேண்டாம்.)

ஏன் இந்த விதி? ஒரே வரிசையில் ஓர் எண் இரண்டு முறை வந்தால், இரண்டு பொறிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே எடுப்பில் போகலாம் என்றாகிவிடும். பொறியிலிருந்து பொறிக்குப் போக முடிந்தால் அது பொறியே இல்லை. மிகச் சிறியதை ஏன் எழுத வேண்டும் என்றால், அதைவிடப் பெரியதை வைத்தால் மூன்றாம் குவியலிலிருந்து எடுத்து எதிராளி அந்தச் சிறியதற்கு இறக்கிவிடுவார்.

ஏழு வரைக்குமான மும்மூர்த்திகள் மொத்தம் ஏழு: 1-2-3, 1-4-5, 1-6-7, 2-4-6, 2-5-7, 3-4-7, 3-5-6. இவற்றில் எந்த இரண்டு எண்ணைத் தொட்டாலும் மூன்றாவது தயாராக நிற்கும், ஒரே இடத்தில் மட்டும். 1 முதல் 7 வரை 21 ஜோடி உண்டு, ஏழு மும்மூர்த்தியிலும் மும்மூன்று ஜோடி, சரியாக 21. முதன்முதலில் இதை எண்ணிப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவின் அளவைகள்

கட்டம் அழகுதான். ஆனால் திண்ணையில் ஆடும்போது கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. கல்லூரி நாளில் ஒரு புத்தகத்தில் இதற்கான விதியைப் படித்தேன். எண்களை 0, 1 மட்டும் வைத்து எழுதிப் பத்தி பத்தியாகக் கூட்டச் சொல்லியிருந்தது. செய்தேன், விடை வந்தது, மனசில் ஒட்டவில்லை.

என் அப்பாவுக்கு அரிசிக்கடை. லிட்டர் வந்த பிறகும் கடையில் பழைய அளவைகள் இருந்தன. படிக்குள் உரி, உரிக்குள் உழக்கு, உழக்குக்குள் ஆழாக்கு என்று ஒன்றுக்குள் ஒன்று போட்டு வைத்திருப்பார். ஒரு நாள் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆழாக்குக் கணக்கில் 1, 2, 4, 8. புத்தகம் சொன்ன அதே கணக்கு எங்கள் கடையில் அரிசி அளந்துகொண்டிருந்தது.

ஆழாக்கை 1 என்று வையுங்கள். 15 வரை எந்த எண்ணையும் இந்த நான்கு அளவையால் அளந்துவிடலாம், ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் தொடாமல். ஒரே அளவை இரண்டு முறை வந்தால் அதற்கு அடுத்த பெரியதில் கொட்டிவிடலாமே. 13 என்றால் முதலில் படி போடலாம், மிச்சம் 5, உரி போடலாம், மிச்சம் 1, அது ஆழாக்கு. ஆக 13 என்பது படி, உரி, ஆழாக்கு. 6 என்பது உரி, உழக்கு. 11 என்பது படி, உழக்கு, ஆழாக்கு. எப்போதும் பெரியதிலிருந்து இறங்குங்கள். பத்து நாள் பழகினால் எண்ணைப் பார்த்தவுடன் அளவைகள் கண்ணில் தெரியும். குவியல் 15ஐத் தாண்டினால் 16க்கு இரட்டைப்படி என்று ஓர் அளவையை மனசில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி விதி. எல்லாக் குவியலையும் இப்படி அளந்த பிறகு, ஒவ்வோர் அளவையும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிட்டால் அது பொறி. ஏதாவது ஓர் அளவை ஜோடியில்லாமல் தனியாக நின்றால் அது தப்பக்கூடிய இடம். 3-5-6ஐச் சோதியுங்கள்: 3இல் உழக்கும் ஆழாக்கும், 5இல் உரியும் ஆழாக்கும், 6இல் உரியும் உழக்கும். உரி இரண்டு, உழக்கு இரண்டு, ஆழாக்கு இரண்டு. எல்லாவற்றுக்கும் துணை இருக்கிறது. பொறி.

உங்கள் முறையில் தனியாக ஏதாவது நின்றால் என்ன எடுப்பது? 5, 6, 12 என்று மூன்று குவியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12இல் படியும் உரியும். 5இல் உரியும் ஆழாக்கும். 6இல் உரியும் உழக்கும். எண்ணுங்கள்: படி ஒன்று, உரி மூன்று, உழக்கு ஒன்று, ஆழாக்கு ஒன்று. நான்குமே ஒற்றைப்படை.

தனியாக நிற்பவற்றில் பெரியது படி. அது இருக்கும் குவியல் 12. அதில் கை வையுங்கள். அந்தக் குவியலில் மட்டும், ஒற்றையாக நிற்கும் ஒவ்வோர் அளவையையும் மாற்றிப் போடுங்கள்: இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சேருங்கள். படி இருக்கிறது, போகட்டும். உரி இருக்கிறது, போகட்டும். உழக்கு இல்லை, வரட்டும். ஆழாக்கு இல்லை, வரட்டும். மிஞ்சுவது உழக்கும் ஆழாக்கும், அதாவது 3. ஆக 12இலிருந்து 9 எடுத்து 3 விடுங்கள். 5, 6, 3. பொறி.

இங்கே புதிதாக ஆடுகிறவர்கள் செய்கிற தவறு ஒன்றுண்டு. தனியாக நிற்கும் படியைப் பார்த்ததும் எட்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். 5, 6, 4 ஆகிவிடும். உரி மூன்றும் உழக்கும் ஆழாக்கும் இன்னும் ஒற்றையாகவே நிற்கும். எதிராளி 4இலிருந்து ஒன்று எடுத்து 3 ஆக்கினால் பொறியில் நீங்கள் இருப்பீர்கள். எல்லா ஒற்றைகளையும் ஒரே எடுப்பில் சரிசெய்ய வேண்டும்.

“சேருங்கள்” என்கிறீர்களே, ஆட்டத்தில் எடுக்க மட்டும்தானே முடியும் என்று கேட்கலாம். கேட்க வேண்டும். படி போனால் எட்டு போகிறது. அதற்குப் பதிலாக உரி, உழக்கு, ஆழாக்கு மூன்றும் சேர்ந்து உள்ளே வந்தாலும் ஏழுதான். எப்படிப் பார்த்தாலும் கணக்கில் குறைவுதான் மிஞ்சும். பெரிய அளவையிலிருந்து தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

பொறியில் நிற்கிறவர் ஏன் தப்ப முடியாது என்பதும் எளிது. அவர் ஒரே ஒரு குவியலைத்தான் தொட முடியும். அந்தக் குவியலின் எண் மாறினால் ஏதாவது ஓர் அளவை அதில் வந்தோ போயோ ஆக வேண்டும். மற்றக் குவியல்களில் ஒன்றும் மாறவில்லை. ஆக அந்த அளவையின் ஜோடி உடையும். அவர் உடைப்பார், நீங்கள் சேர்ப்பீர்கள், அவர் உடைப்பார், நீங்கள் சேர்ப்பீர்கள். ஒன்றுமே இல்லாத பலகையில் எல்லாம் ஜோடியாக இருப்பதாகத்தான் கணக்கு, அதனால் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறவர் நீங்கள்தான். நான்கு குவியல், ஐந்து குவியல் எத்தனை ஆனாலும் இதில் ஒரு வரிகூட மாறாது.

பழகுவதற்கு 3, 5, 7 வைத்து ஆடுங்கள். ஒற்றையாக நிற்பது ஆழாக்கு மட்டும், அது மூன்று குவியலிலும் இருக்கிறது. எந்தக் குவியலிலிருந்தும் ஒரு கொட்டை எடுத்தால் போதும். மூன்று விதமாகவும் ஆடிப் பார்த்துவிடுங்கள். அடுத்து 1, 3, 5, 7. பதினாறு கொட்டையைக் கோபுரம்போல் நான்கு வரிசையாக அடுக்கி ஆடுவது உலகமெங்கும் பிரபலம். ஆழாக்கு நான்கு, உழக்கு இரண்டு, உரி இரண்டு. தொடக்கமே பொறி, முதலில் எடுப்பவருக்கு வழியில்லை. விதி தெரியாதவரிடம் இதை ஆடும்போது அவரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த நான்கு வரிசை ஆட்டத்தைப் பெரும்பாலும் கடைசிக் கொட்டை எடுப்பவர் தோற்கிற மாதிரிதான் ஆடுகிறார்கள். அதற்கும் கிட்டத்தட்ட இதே ஆட்டம்தான். ஜோடி சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரே ஒரு குவியலில் மட்டும் இரண்டோ அதற்கு மேலோ இருந்து, மற்றவையெல்லாம் ஒற்றைக் கொட்டையாக ஆகும் ஒரு கட்டம் வரும். அது பொறியாக இருக்கவே முடியாது, ஆகவே உங்கள் முறையில்தான் வரும். அங்கே நின்று எண்ணுங்கள். அந்தப் பெரிய குவியலை முழுதாக எடுங்கள், அல்லது ஒன்று மட்டும் விடுங்கள். ஒற்றைக் கொட்டைக் குவியல்கள் ஒற்றைப்படையில் மிஞ்ச வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஆட்டத்துக்கு நிம் என்று பெயர் வைத்து, முழுக் கணக்கையும் 1901இல் எழுதி வெளியிட்டவர் ஹார்வர்டில் இருந்த சார்ல்ஸ் பௌட்டன். 1940இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இதை ஆடும் ஓர் இயந்திரத்தை வைத்தது. 1951இல் பிரிட்டனின் கொண்டாட்ட விழாவில் ஃபெராண்டி நிறுவனத்தின் நிம்ராடு என்ற கணினி விளக்குகளை எரியவிட்டு மக்களோடு ஆடியது. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1935இல் ஸ்ப்ராகும் 1939இல் கிரண்டியும் தனித்தனியே கண்டுபிடித்தது. இருவருக்கும் ஒரே எடுப்புகள், மறைவோ அதிர்ஷ்டமோ கிடையாது, என்றாவது முடிந்தே தீரும், ஆட முடியாதவர் தோற்றார் என்றிருக்கும் எந்த ஆட்டத்தின் எந்த நிலையையும் ஒரு கொட்டைக் குவியலுக்குச் சமமாக வைத்துவிடலாம். மேலே நீங்கள் கட்டம் நிரப்பிய “இதுவரை வராத மிகச் சிறிய எண்” என்ற விதிதான் அதற்கும் அடிப்படை.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனுக்கு, அவன் கெட்டிக்காரன் என்பதால், முதல் நாளே அளவை விதியைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எல்லாரையும் தோற்கடித்தான். மூன்றாம் நாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர முடியாது என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பேத்தியிடம் அந்தத் தவறைச் செய்யவில்லை. அவள் தோற்றால் “இன்னும் கொஞ்சம் குறைச்சு வெச்சுப் பாரேன்” என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கட்டத்தை நிரப்ப அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அளவைகளை அவளே அலமாரியிலிருந்து எடுத்து வந்து, “பாட்டி, இது எல்லாம் ரெண்டு ரெண்டா போகுதே” என்று கேட்டபோது அவளுக்குப் பத்து வயது.

இப்போது நாங்கள் வேறொன்றில் இருக்கிறோம். இரண்டே குவியல். ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்; அல்லது இரண்டிலிருந்தும் சமமாக எடுக்கலாம். கடைசிக் கொட்டைக்கு வெற்றி. நெதர்லாந்தின் விதாஃப் என்ற கணிதர் 1907இல் இதை ஆராய்ந்தார். இரண்டிலிருந்தும் எடுக்கலாம் என்ற அந்த ஒரு வரி கண்ணாடியை உடைக்கிறது, அளவைகளையும் பயனில்லாமல் ஆக்குகிறது. நோட்டும் பழைய கேள்வியும்தான் மிச்சம். முதல் பொறி 1-2. அடுத்தது 3-5. பிறகு 4-7, 6-10, 8-13. வித்தியாசங்களைக் கழித்துப் பாருங்கள்: 1, 2, 3, 4, 5. ஒவ்வொரு ஜோடியின் சிறிய எண்ணும் அதுவரை எங்கும் வராத எண்களில் மிகச் சிறியது. மேற்கொண்டு ஒரு மூன்று ஜோடியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி பலகையின் ஒரு குழியில் 12 கொட்டையும் இன்னொன்றில் 20 கொட்டையும் எண்ணிப் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். “நீ முதல்ல எடு பாட்டி” என்றாள்.